யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு புவிச்சரிதவியல் படிக்கத் தொடங்குவது எப்படி?

பூமியையும் அதன் பாறைகளையும் ஆராயும் துறையான புவிச்சரிதவியலுக்குப் புதிதாக வருபவரின் கையில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பட்டியல்தான். கனிப்பொருளியல், பாறையியல், தொல்லுயிரியல், படையியல் என்று பெயர்கள் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வரைவிலக்கணம் இருக்கும். அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் புள்ளி வாங்கலாம். ஆனால், வீட்டுக் கிணற்றின் உட்சுவரில் தெரியும் கல் என்ன, அது எப்படி அங்கே வந்தது, கோடையில் அந்தக் கிணற்று நீர் ஏன் உவர்க்கிறது என்று கேட்டால் அந்தப் பட்டியலில் விடை கிடைக்காது. இப்படிக் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே நிலத்தைப் பற்றி எழும் வெவ்வேறு கேள்விகளுக்குத்தான் இந்தக் கிளைகள் விடை தேடுகின்றன. ஆகவே நிலத்திலிருந்தே தொடங்குங்கள். கேள்வி மாற மாற, கிளைகளின் பெயர்கள் தாமாகவே மனத்தில் நிற்கும்.

மலையில்லாத ஊரில் பாறையைப் பற்றி என்ன படிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் கூடிய வயதுடைய உருமாறிய பாறை. கண்டியிலும் பதுளையிலும் வவுனியாவிலும் காண்பது அதுதான். வடமேற்குக் கரையோரமும் நமது குடாநாடும் அதற்குப் பெரிய விலக்கு. மயோசீன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்பிருந்த இடைக்காலத்தில், ஆழமற்ற வெப்பக் கடலின் அடியில் படிந்த சுண்ணக்கல்லின்மேல் நாம் குடியிருக்கிறோம். நாட்டின் வேறு பகுதியில் இருப்பவருக்கு எளிதில் கிடைக்காத பாடங்கள் நமக்குச் சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன.

முதற்படி: கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைவில்லை ஒன்றை முதலில் வாங்குங்கள். நகைத் தொழிலாளர் கல் பார்க்க வைத்திருப்பதும் அதுவே. அதோடு ஓர் இரும்பு ஆணி, சிறிய காந்தம், வினாகிரி நிரப்பிய சொட்டுப் போத்தல், அளவுநாடா, பென்சில், தடித்த அட்டை போட்ட கொப்பி போதும். திசையும் இருப்பிடமும் கைத்தொலைபேசியிலேயே தெரியும்.

சுத்தியலுக்கு அவசரமில்லை. உடைக்காமல் பார்க்கப் பழகியவர்தான் பின்னர் எங்கே உடைக்க வேண்டும் என்று அறிவார். கோயில் கேணியிலும், பழைய கோட்டையிலும், தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பிலுள்ள இடங்களிலும் அதைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது சட்டப்படி குற்றம். கைவிடப்பட்ட கல் அகழ்ந்த குழிகளுக்குள் தனியே இறங்காதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால், பலகை எவ்வளவு பழையதாக இருந்தாலும், அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள். எந்தக் கல்லும் அதற்கு ஈடாகாது.

கொப்பியில் நாள், இடம், வானிலை எழுதி, கண்டதை இடப்பக்கத்திலும் ஊகித்ததை வலப்பக்கத்திலும் குறியுங்கள். "வெள்ளை நிறம், ஆணியால் கீறுபட்டது" என்பது கண்டது. "கடலில் படிந்திருக்கலாம்" என்பது ஊகம். இரண்டையும் கலக்காமல் எழுதும் பழக்கம் எந்தக் கிளைக்குப் போனாலும் உங்களைக் காப்பாற்றும். படம் வரையத் தெரியாது என்று சொல்லி ஒதுங்க வேண்டாம். கோணலான கோட்டுப்படம்கூட, ஒளிப்படம் தவறவிடும் விவரங்களைக் கவனிக்க வைக்கும்.

இரண்டாம் படி: கிணறு வெட்டிய இடத்துக்குப் போங்கள்

ஊரில் எங்காவது புதுக்கிணறு வெட்டுவதாகக் கேள்விப்பட்டால், வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். அலவாங்கால் பெயர்த்து மேலே குவித்திருக்கும் கல்லில் ஒரு கையளவு துண்டு எடுங்கள். அதனிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதற் கேள்வி, இது எதனால் ஆனது? இது கனிப்பொருளியலின் கேள்வி. குறிப்பிட்ட இரசாயன அமைப்பும் ஒழுங்கான உள்ளமைப்பும் கொண்டு இயற்கையில் உருவாகும் திண்மங்களை அந்தக் கிளை ஆராய்கிறது. 1812இல் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் வகுத்த வன்மை அளவுகோல் இன்றும் வெளிக்களத்தில் பயன்படுகிறது. அதில் வைரம் 10, குருந்தம் 9, குவார்ட்ஸ் 7, கல்சைற்று 3. நமது நகம் 2.5 அளவில் நிற்கும். இரும்பு ஆணி ஏறத்தாழ 4 முதல் 5 வரை. உங்கள் துண்டை நகத்தால் கீறுங்கள், தடம் விழாது. ஆணியால் கீறுங்கள், விழும். அப்போது அது 3ஐ ஒட்டிய வன்மை உடையது என்று தெரியும். இனி ஆணியால் சுரண்டிய தூளின்மேல் ஒரு துளி வினாகிரி விட்டுக் கைவில்லையால் பாருங்கள். நுண்ணிய குமிழிகள் எழும். கல்சியங்காபனேற்று அமிலத்தோடு தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு வெளியேறுவதே அந்தக் குமிழி. வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ப் புளி போதும். உங்கள் கையிலிருப்பது கல்சைற்று நிறைந்த சுண்ணக்கல் என்று இந்த இரண்டு சோதனைகளும் சேர்ந்து சொல்லிவிடும்.

இந்தத் துறைக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. கலை வரலாற்றறிஞர் என்று உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி முதலில் புவிச்சரிதவியலாளர். யாழ்ப்பாணத்து வேர் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த அவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் கனிப்பொருள் அளவைக்கு முதற் பணிப்பாளராக இருந்தார். தோரியமும் யுரேனியமும் கொண்ட தோரியனைற்று என்ற கனிமத்தை 1904இல் கண்டறிந்தவரும் அவரே. அவருடைய கலைப் பணியைப் போற்றும் நாம் இந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்வதில்லை என்பது எனக்கு நீண்டகால வருத்தம்.

இரண்டாவது கேள்வி, இந்தக் கனிமங்கள் சேர்ந்து எப்படிக் கல்லாயின? இது பாறையியலின் கேள்வி. பாறைக்குழம்பு இறுகினால் தீப்பாறை. படிவுகள் அழுந்திக் கெட்டிப்பட்டால் அடையற்பாறை. ஏற்கெனவே இருந்த பாறை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மாறினால் உருமாறிய பாறை. ஒப்பிட்டுப் பார்க்க வீதி வேலைக்குக் கொட்டியிருக்கும் கருங்கற் சல்லி போதும். அது வன்னிப் பக்கத்திலிருந்து வருவது. ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால் வெளிர் கனிமங்களும் கருங்கனிமங்களும் பட்டை பட்டையாகக் கிடப்பது பெரும்பாலும் தெரியும். நைஸ் எனப்படும் உருமாறிய பாறையின் அடையாளம் அது. வினாகிரி விட்டால் அது அசையாது.

வீட்டு அம்மியையும் இப்படிப் பாருங்கள். குடாநாடு முழுவதும் சுண்ணக்கல் கிடந்தும் அம்மிக்குக் கருங்கல்லையே தேடிய முன்னோர், மோஸின் அளவுகோலையும் அமிலத் தாக்கத்தையும் கையனுபவத்தால் அறிந்திருந்தார்கள். சுண்ணக்கல்லில் புளி சேர்த்து அரைத்தால் கல்லும் சேர்ந்தல்லவா கரையும்.

மூன்றாம் படி: கல்லுக்குள் இருந்த உயிர்

கீரிமலை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று வடகரை நெடுகிலும் சுண்ணக்கல் கடலோரத்தில் வெளித்தெரியும் இடங்கள் உண்டு. அலை ஓய்ந்திருக்கும் காலையில் போய், பாறை முகப்பைக் கைவில்லையால் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். சிப்பி, சோகி போன்றவற்றின் அச்சுகளும், முருகைகளின் துளைகளும் கண்ணில் படும். இன்னும் உற்றுப் பார்த்தால் கடுகுக்கும் சிறிய வட்டங்களும் சுருள்களும் தெரியலாம். அவற்றுட் பல, போரமினிபெரா எனப்படும் ஒற்றைக்கல உயிர்களின் ஓடுகள்.

தொல்லுயிரியல் என்றால் டைனோசர் எலும்பு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்தத் துறையில் பெருமளவு வேலை நடப்பது இந்தச் சிறு ஓடுகளில்தான். போரமினிபெரா இனங்கள் காலத்தோடு விரைவாக மாறிவந்தவை. ஆகவே எந்த இனங்கள் சேர்ந்து கிடக்கின்றன என்பதை வைத்துப் பாறையின் காலத்தைச் சொல்லிவிடலாம். எண்ணெய் தேடித் துளையிடும் நிறுவனங்கள் இதற்கென்றே ஆட்களை வேலைக்கு வைத்திருக்கின்றன.

அதன் அடுத்த வீடு படையியல். எந்தப் பாறைப் படை முந்தியது, எது பிந்தியது, தூரத்துப் படையோடு இதை எப்படிப் பொருத்துவது என்பது அதன் வேலை. குழப்பப்படாத படைகளில் கீழே கிடப்பது மேலே கிடப்பதைவிட மூத்தது என்று நிக்கலஸ் ஸ்டெனோ 1669இல் எழுதிய விதியே அதன் அடித்தளம். இங்கிலாந்தில் கால்வாய் வெட்டிய இடங்களில் அளவையாளராக வேலை செய்த வில்லியம் ஸ்மித், படைகளை அவற்றின் உயிர்ச்சுவடுகளால் இனங்கண்டு, 1815இல் அந்த நாட்டின் புவிச்சரிதவியல் வரைபடத்தை வெளியிட்டார். ஒரு பொறியியல் வேலைத்தளத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்ததால் வந்த பேறு அது. கிணறு வெட்டும் இடத்துக்குப் போங்கள் என்று நான் வற்புறுத்துவதும் அதனாலேயே.

ஆண்டுக் கணக்கில் வயது சொல்வது காலக்கணிப்பியல். இங்கே புதியவர்கள் அடிக்கடி இடறுகிறார்கள்: "காபன் சோதனை செய்து பார்க்கலாமே" என்பார்கள். கதிர்க்காபன் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரைதான் எட்டும். நமது சுண்ணக்கல் அதைவிடப் பன்மடங்கு பழையது. வன்னிப் பாறைகளில் இருக்கும் சேர்க்கோன் பளிங்குகளுக்கு யுரேனியம் ஈயமாகச் சிதையும் வீதத்தைக் கணித்து வயது காணலாம். சுண்ணக்கல்லுக்கு உயிர்ச்சுவடே முதற் சாட்சி.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் முருகைத் துண்டையும் நெடுந்தீவில் வேலியாக அடுக்கியிருக்கும் முருகைக்கல்லையும் மயோசீன் சுண்ணக்கல் என்று எழுதிவிடாதீர்கள். அவை மிகப் பிந்திய காலத்து முருகைத் திட்டுகளிலிருந்து வந்தவை. முருகையின் நட்சத்திர வடிவக் குழிகள் சிதையாமல் தெளிவாக இருப்பதும் கல் இலேசாக இருப்பதும் அடையாளம். யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரிலும் முருகைக்கல் நிறைய உண்டு. தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்துப் பழகலாம்.

நான்காம் படி: நீர்

இந்தப் படியில் மற்றவற்றைவிட அதிக காலம் நில்லுங்கள். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலேரியைச் சேரும் வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடும். குடிக்கவும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வாழைக்கும் இறைக்கவும் தலைமுறை தலைமுறையாக நாம் எடுத்ததெல்லாம் மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் விட்டுச்சென்ற நீர். அந்த நீர் எங்கே தங்குகிறது, எந்த வழியாக நகர்கிறது, எவ்வளவு எடுக்கலாம் என்று ஆராய்வது நீர்ப்புவிச்சரிதவியல். யாழ்ப்பாணத்து மாணவர் ஒரே ஒரு கிளையைத்தான் படிக்க முடியும் என்றால் இதைத்தான் படிக்க வேண்டும் என்பேன்.

முதலில் பாறை கரையும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் காபனீரொட்சைட்டை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அது வெடிப்புகளின் வழியே இறங்கும்போது சுண்ணக்கல்லைக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாக எடுத்துச் செல்கிறது. உங்கள் வீட்டுக் கேத்தலில் இந்தத் தாக்கம் திரும்பி நடக்கிறது: கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கல்சியங்காபனேற்று வெள்ளைப் படையாக ஒட்டிக்கொள்கிறது. அதைச் சுரண்டி வினாகிரி விடுங்கள், கிணற்றுக் கல்லைப் போலவே நுரைக்கும். நீருக்கும் பாறைக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கலை ஆராய்வது புவி இரசாயனவியல்.

பல்லாயிரம் ஆண்டுகள் இப்படிக் கரைந்தால் வெடிப்பு வாய்க்காலாகும், வாய்க்கால் குகையாகும், குகையின் கூரை இடிந்தால் குழியாகும். இவ்வகை நிலத்தைக் காஸ்ற் நிலம் என்பார்கள். புத்தூருக்கு அருகே நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு அப்படி உண்டானது. தாகம் தீர்க்க இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்ற ஐதிகத்தையும் அடி காணாத கிணறு என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். அதற்கு அடி உண்டு. மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர்நீர் என்பதே அதன் உண்மையான அதிசயம். கீரிமலைக் கேணிக்குப் போனால் மறுபாதியைக் காணலாம்: நிலத்துக்குள் நகர்ந்த நன்னீர் பாறைத் துவாரங்களின் வழியே கடலோரத்தில் வந்து ஊறுகிறது. ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடப் போகும்போது அந்த நீர் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஒரு கணம் பாருங்கள்.

மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் ஏன்? கடல்நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைச் சுமப்பதால் நன்னீரைவிடச் சற்று அடர்த்தியானது, ஏறத்தாழ 1.025 மடங்கு. ஆகவே நிலத்தடி நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. சுமை ஏற்றிய வள்ளத்தின் பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்திருப்பதைப் போல, நன்னீரின் பெரும்பகுதியும் கடல்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் தனித்தனியே கண்ட விதி இது. குகைகளும் வாய்க்கால்களும் நிறைந்த நம் பாறையில் இது அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனாலும் ஆபத்தைப் புரியவைக்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டம் அரை மீற்றர் இறங்கினால், கீழேயுள்ள உவர்நீர் எல்லை காலப்போக்கில் 20 மீற்றர் மேலே எழும்பப் பார்க்கும். துலாவால் இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே ஓர் எல்லையாக இருந்தது. மோட்டார் களைப்பதில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய அளவீடு. வீட்டுக் கிணற்றுக் கட்டில் ஓரிடத்தில் அழியாத குறி வையுங்கள். அதிகாலையில், மோட்டார் போடுவதற்கு முன், கனம் கட்டிய அளவுநாடாவை இறக்கிக் குறியிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள தூரத்தை எழுதுங்கள். கிழமைக்கு ஒரு முறை போதும், ஆனால் விடாமல் செய்ய வேண்டும். மழை பெய்த நாட்களை அருகில் குறியுங்கள். நீரிலுள்ள உப்பைக் காட்டும் மலிவான மின்கடத்துதிறன் மானி கிடைத்தால் அதன் அளவையும் சேர்த்தெழுதுங்கள். நாக்கில் வைத்து உவர்ப்புப் பார்ப்பது அளவீடாகாது, நாக்கு பழகிவிடும். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் செப்ரெம்பரில் ஆரம்பித்தால் மாரியின் ஏற்றமும் மறு கோடையின் இறக்கமும் ஒரே வளைகோட்டில் வரும். அயலில் இருவர் மூவரைச் சேர்த்துக்கொண்டால், ஒரே மழைக்கு எந்தக் கிணறு விரைவாக ஏறுகிறது என்பதை வைத்துப் பாறைக்குள் நீர் ஓடும் பாதையைக்கூட ஊகிக்கலாம்.

நீரின் தரத்தை வீட்டில் முழுமையாக அளக்க முடியாது. காஸ்ற் நிலத்தில் மேலே கொட்டுவது வடிகட்டப்படாமலே கீழே போய்ச் சேர்ந்துவிடும். தோட்டத்து யூரியாவும் மலசலக்குழிக் கசிவும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்குகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளில் அதைத் தாண்டிய கிணறுகள் பல முறை பதிவாகியிருக்கின்றன. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக, செறிவுதான் கூடும். போத்தற் பால் குடிக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டில் இதைத் தயவுசெய்து அசட்டை பண்ணாதீர்கள். கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். பாறையும் நீரும் மனித உடல்நலத்தைப் பாதிக்கும் விதத்தை ஆராய, மருத்துவப் புவிச்சரிதவியல் என்ற கிளையே இன்று வளர்ந்திருக்கிறது.

ஐந்தாம் படி: மண்ணும் மணலும் கடலும்

நிலத்தின் மேற்தோற்றம் எப்படி உண்டாகி எப்படி மாறுகிறது என்பது புவிவெளியுருவவியல். படிவுகள் எங்கிருந்து வந்து எப்படித் தங்கின என்பது அடையலியல். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

வலிகாமத்தில் கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் நீரோடு குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும், வண்டல் சில மணி நேரத்தில், களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். படைகளின் தடிப்பை அளந்து எழுதுங்கள். சிவப்புக்குக் காரணம் இரும்பு ஒட்சைட்டு. இத்தகைய செம்மண் சுண்ணக்கல் கரைந்தபின் மிஞ்சியது என்பது ஒரு விளக்கம். காற்று கொண்டுவந்த படிவும் அதில் சேர்ந்தது என்பது இன்னொன்று. நீங்கள் பார்த்த மணல் மணிகளின் அளவும் உருட்சியும் இந்த விவாதத்தில் சாட்சிகளாக நிற்பவை.

பிறகு வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக்குப் போங்கள். காற்று வரும் பக்கம் மணல்மேடு மெல்லச் சரிந்தும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். மணலுக்குள் புதைந்த பழைய தேவாலயத்தின் இடிபாடு, மேடு நகரக்கூடியது என்பதற்கு நேரடிச் சான்று. ஒரு சிட்டிகை மணலைக் கடதாசியில் பரப்பிக் கைவில்லையால் பாருங்கள். இன்னொரு நாள் காரைநகர் கசூரினாக் கடற்கரையிலும் ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டிலும் வினாகிரி விட்டு எது அதிகம் நுரைக்கிறது என்று ஒப்பிடுங்கள். சிப்பி, முருகைத் துகள் எவ்வளவு, குவார்ட்ஸ் எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும். கரிய மணிகள் கண்டால் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். இல்மனைற்று போன்ற பாரமான கனிமங்கள் அலையால் பிரிக்கப்பட்டுக் கறுப்புக் கோடுகளாகச் சேரும். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் அவை பெருமளவில் சேர்ந்ததால்தான் அங்கே அகழ்கிறார்கள். மணற்காட்டு மணலை ஏற்றிச் செல்பவர்கள், கடலுக்கும் குடிமனைக்கும் இடையிலிருக்கும் ஒரே அரணை ஏற்றிச் செல்கிறார்கள்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீற்றர் அளவு கீழே இருந்தது. பாக்கு நீரிணை அதைவிட எவ்வளவோ ஆழங்குறைந்தது. அன்று வல்வெட்டித்துறையிலிருந்து தமிழகத்துக்கு நடந்தே போயிருக்கலாம்.

ஆறாம் படி: கண்ணுக்கு எட்டாத ஆழம்

இதைப் புதியவர் சுருக்கமாக அறிந்தால் போதும். பாறைகளிலுள்ள மடிப்பு, பிளவு, மூட்டு எனப்படும் வெடிப்பு ஆகியவற்றைப் படிப்பது கட்டமைப்புப் புவிச்சரிதவியல். நமது படைகள் ஏறத்தாழக் கிடையாகக் கிடப்பதால் இங்கே பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் செங்குத்து வெடிப்புகளே. அவை ஓடும் திசையைத் திசையறி கருவியால் அளந்து எழுதலாம். நீர் ஓடும் திசையோடு அதற்குத் தொடர்பு உண்டு. இந்தக் கிளையை ஆழமாகப் படிக்க வேண்டுமானால் மலைநாட்டுக்குத்தான் போக வேண்டும்.

தோண்டாமலே கீழே இருப்பதை அறிய முயல்வது புவிப்பௌதிகவியல். நிலத்தில் மின்முனைகளை நட்டு மின்தடையை அளந்தால், உவர்நீர் மின்னை எளிதில் கடத்துவதால், நன்னீர் எங்கே முடிகிறது என்று மேலே நின்றே மதிப்பிடலாம். குடாநாட்டுக்கு மிகவும் பயன்படும் முறை இது.

அதன் ஒரு பிரிவான நில அதிர்வியலின் தேவை 2004 டிசெம்பர் 26க்குப் பின் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. கவசத்தட்டு எனப்படும் புவியோட்டின் நகரும் பெருந்துண்டின் விளிம்பில் அல்லாமல் உட்பகுதியில் இருக்கும் இலங்கையில் பெரிய அதிர்வு உணரப்படவில்லை. ஆனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை வந்தது. மருதங்கேணியிலும் உடுத்துறையிலும் மணற்காட்டிலும் அது எடுத்த உயிர்களை ஊர் மறக்கவில்லை. எச்சரிக்கை கொடுக்கப் போதிய நேரம் இருந்தது, கொடுக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் உள்நாட்டுப் பக்கம் ஓட வேண்டும் என்ற ஒரு வரியை அந்தக் கிளையிலிருந்து எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: தொழிலாகும் கிளைகள்

எந்தக் கனிமம் எங்கே, எவ்வளவு, எடுப்பது பொருந்துமா என்பது பொருளாதாரப் புவிச்சரிதவியல். 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததற்குக் காரணம் காலடியில் கிடந்த இந்தச் சுண்ணக்கல்லே. சீமெந்துக்கு வேண்டிய களி மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து வந்தது. போர்க் காலத்தில், 1990இல், தொழிற்சாலை நின்றது. அகழ்ந்த குழிகள் இன்னும் இருக்கின்றன. நன்னீரைத் தாங்கும் பாறையையே வெட்டி எடுத்தால் நீருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி சூழற் புவிச்சரிதவியலுக்குரியது. அதற்கு விடை தெரியாமல் மீண்டும் அகழத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மன்னார்க் கடற்படுகையில் 2011இல் இயற்கை வாயு கண்டறியப்பட்டதும் இதே பொருளாதாரக் கிளையின் வேலை.

கட்டடமோ பாலமோ நிற்கப்போகும் நிலம் தாங்குமா என்று பார்ப்பது பொறியியற் புவிச்சரிதவியல். மாடிக் கட்டடங்கள் பெருகிவரும் யாழ்ப்பாணத்தில், அத்திவாரத்துக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்ப்பது வீண் செலவாகாது. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம், ஆனையிறவுக் கடலேரியை நன்னீராக்கிக் குடாநாட்டுக்குக் கொண்டுவர ஒரு திட்டத்தை முன்வைத்தார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று இன்றும் பேசப்படும் அந்தத் திட்டத்தைப் படிப்பது நல்ல பயிற்சி. பாறை, நீர், உப்பு, கட்டுமானம் எல்லாம் ஒரே கணக்கில் வரும்.

எட்டாம் படி: மேலே படிக்க

புவிச்சரிதவியலில் சிறப்புப் பட்டம் படிக்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் தனித் துறை உண்டு. பொறியியற் பக்கம் போக விரும்புபவருக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புவிவளப் பொறியியல் இருக்கிறது. முதலாவதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் அல்லது கணிதப் பிரிவும், இரண்டாவதற்குக் கணிதப் பிரிவும் வேண்டும். கலைப்பிரிவு மாணவர் மனம் தளர வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் புவியியற்றுறையில் நிலவுருவங்களையும் நீரையும் வரைபடத்தையும் ஆழமாகப் படிக்கலாம். மண்ணில் ஈடுபாடு உள்ளவருக்குக் கிளிநொச்சியிலுள்ள விவசாய பீடம் பக்கத்திலேயே இருக்கிறது.

வேலை என்று வரும்போது, கனிமமும் அகழ்வு அனுமதியும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் பொறுப்பு. நிலத்தடி நீர் நீர்வளச் சபையிலும், குடிநீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலும், மலைநாட்டு மண்சரிவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலும் பார்க்கப்படுகின்றன. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் உங்கள் ஊர்ப் பகுதியை வாங்கி, நீங்கள் பார்த்த இடங்களை அதில் பென்சிலால் குறித்துவாருங்கள். பேராதனையிலும் மொறட்டுவையிலும் கற்கை ஆங்கில மொழியில் நடக்கிறது. ஆகவே கொப்பியில் ஒவ்வொரு கனிமத்தின், பாறையின் தமிழ்ப் பெயருக்கு அருகிலும் அதன் ஆங்கிலப் பெயரை இப்போதிருந்தே எழுதி வையுங்கள்.